திங்கட்கிழமைக் கேரியர்

பெங்களூர் கே.ஆர்.புரம் ஸ்டேஷனில் எங்கள் வண்டி நிற்பது ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான். அதற்குள் பாதிப் பெட்டி இறங்கியாக வேண்டும். முழங்கையும் தோள்பையுமாக எல்லாரும் இடித்துக்கொண்டு போவார்கள். நான் வாசல் பக்கமாகச் சுவரோடு ஒட்டி நின்று, சாப்பாட்டுக் கேரியரை வெளியே நீட்டுவேன். பிளாட்பாரத்தில் நிற்கும் ஜெரால்ட் அதை வாங்கிக்கொள்வான். திங்கட்கிழமை தவறாமல் இதுதான் எங்கள் வழக்கம்.

அன்றைக்கும் நீட்டினேன். அவன் கையை நீட்டவில்லை.

"ஆண்ட்டி, இனிமே வேணாம் ஆண்ட்டி. நான் பீன்யா பக்கம் போறேன். வேலையும் அங்க, வீடும் அங்க. இங்க வந்து வாங்கிக்க முடியாது."

"இன்னிக்கு வாங்கிக்கடா. உங்கம்மா விடியறதுக்குள்ள எழுந்து ஆக்கிக் குடுத்திருக்கா."

"சாமானெல்லாம் வண்டியில ஏத்தியாச்சு ஆண்ட்டி. இதை எங்க வெச்சு சாப்பிடறது? அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

வண்டி நகர்ந்துவிட்டது. நாலு எட்டு கூடவே நடந்து வந்தான். "தப்பா நினைச்சுக்காதீங்க" என்று கத்தினான். கேரியர் என் கையிலேயே இருந்தது. அடிப்பாகம் இன்னும் சுட்டது.

இந்தத் தொடரை எழுதத் தொடங்கியபோது, "ஆபீஸ் பேன்ட்ரியில டீ போடறவளுக்கு எழுத இன்னாம்மா கீது?" என்று என் மகள் கேட்டாள். இத்தனை வாரமும் ஊரார் குற்றம், சூப்பர்வைசர் குற்றம், ரயில்வேயின் குற்றம் என்று வரிந்து கட்டிக்கொண்டு எழுதினேன். நீங்களும் படித்துச் சிரித்தீர்கள். இந்த வாரம் என்னுடையது. சிரிக்க ஒன்றும் இல்லை.

ரயிலேறும் சாமான்கள்

சுரங்கம் மூடிய பிறகு எங்கள் கோலார் தங்கவயலில் பாதி ஊர் பெங்களூர் ரயிலில்தான் குடியிருக்கிறது. காலையில் இருட்டோடு ஏறினால் சாயங்காலம் இருட்டிய பிறகுதான் இறங்குகிறோம். யார் வீட்டில் சீசன் டிக்கெட் இருக்கிறதோ அவர்தான் அந்தத் தெருவுக்கே சுமைதூக்கி.

என் பையில் போகாத சாமான் கிடையாது. பேத்திக்குத் தைத்த கவுன், மறந்து வைத்த வீட்டுச் சாவி, சுகர் மாத்திரை அட்டை, கல்யாணப் பத்திரிகை, ஒருமுறை உயிரோடு ஒரு நாட்டுக்கோழி. கோழி மாலூர் ஸ்டேஷன் தாண்டியதும் கூவத் தொடங்கி, மானம் போயிற்று.

கூரியருக்குக் கொடுக்க வழியில்லாதவர்கள் நாங்கள். மாதக் கடைசியில் போனில் ரீசார்ஜ் தீர்ந்துவிடும். ஆனால் வண்டி எப்படியும் போகத்தான் போகிறது, அதில் ஒரு பை கூடப் போனால் யாருக்கு என்ன நஷ்டம்? சொந்தபந்தம் அறுந்து போகாமல் இப்படித்தான் பிடித்து வைத்திருக்கிறோம்.

எனக்குப் பூதிகோட்டையில் ஓர் அண்ணன் இருக்கிறார். நாங்கள் போனில் பேசிக்கொள்வது அபூர்வம். பஸ் கண்டக்டர் கையில் வேர்க்கடலை கொடுத்தனுப்புவார். கடலையை உரித்து அனுப்பினால் நன்றாக இருக்கிறார் என்று பொருள். தோலோடு வந்தால் கைவலி திரும்பிவிட்டது. நான் பதிலுக்குத் தைல பாட்டில் அனுப்புவேன். அவ்வளவுதான், நலம் விசாரித்தாகிவிட்டது.

பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன், பார்த்தீர்களா? காசில்லாமலே உறவை நடத்தத் தெரிந்தவள் என்று எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு. அந்தக் கனத்தை வைத்துக்கொண்டுதான் இந்தக் காரியத்தைச் செய்தேன்.

ரோஸ்லின்

கேரியரைக் கொடுத்தனுப்பியவள் ரோஸ்லின். ஜெரால்டின் அம்மா. தங்கவயலின் பாலகாட் சுரங்கக் குடியிருப்பில் என் வீட்டுக்கு மூன்று லைன் தள்ளி அவள் வீடு.

ஒன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. எங்கள் அப்பாக்கள் ஒரே ஷிப்ட், சுரங்கத்துக்குள் ஒரே கேஜில் இறங்கி ஒரே கேஜில் ஏறி வந்தவர்கள். என் வீட்டில் புத்தர் படம், அவள் வீட்டில் மாதா படம். வைசாகப் பௌர்ணமிக்குப் பாயசம் இங்கிருந்து போகும், கிறிஸ்துமஸுக்குக் கேக் அங்கிருந்து வரும். நான் வயசுக்கு வந்ததை என் அம்மாவுக்கு முன்னால் அவளிடம்தான் சொன்னேன். அவள் புருஷன் செத்தபோது, மூன்று நாள் என் மடியில்தான் படுத்திருந்தாள்.

அழுகை வந்தால் அவள் வேறெங்கும் அழமாட்டாள். துணி தைத்துக்கொண்டே, உதட்டைக் கடித்துக்கொண்டே இருப்பாள். நான் போய் உட்கார்ந்தால்தான் உடைவாள். "உன் மூஞ்சியைப் பார்த்தாத்தான்டி எனக்குக் கண்ணீர் வருது, அப்படி ஒரு மூஞ்சி உனக்கு" என்பாள்.

புருஷன் போன பிறகு ஜாக்கெட் தைத்துப் பிழைத்தாள். ஓர் அடுப்பு எரிந்தால், எரிந்துபோன தீக்குச்சியையே அதில் பற்றவைத்து அடுத்த அடுப்பை ஏற்றுவாள். சுகர் வேறு. மகன் பெங்களூரில் பார்சல் குடோனில் வேலைக்குப் போனான். தினமும் போனில் பேச அவளிடம் வசதியில்லை, அவனிடம் நேரமில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வாங்கும் கால் கிலோ மாட்டுக்கறியில் பாதியை எடுத்து வைப்பாள். திங்கட்கிழமை விடிகாலையில் சுண்டவைத்து, சோற்றோடு இரண்டடுக்குக் கேரியரில் போட்டு ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து என்னிடம் கொடுப்பாள். பெட்டியே மணக்கும். "யசோக்கா, ஒரு துண்டு விழுந்துடுச்சின்னு சொல்லிக்கலாம், திறங்க" என்று பக்கத்து சீட்டுப் பெண்கள் கேலி பண்ணுவார்கள்.

சாயங்கால வண்டியில் ஜெரால்ட் கேரியரைத் திருப்பிக் கொடுப்பான். எங்கள் பக்கம் சாப்பாடு வந்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தரமாட்டோம். அவனும் உள்ளே ஏதாவது வைப்பான், ஒரு பன்னோ, நாலு பிஸ்கட்டோ. ரோஸ்லின் அதில் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, மீதியை என்னிடம் தள்ளுவாள். "இன்னாடி சொன்னான்?" என்று கேட்பாள். அவன் சொன்ன ஒரு வார்த்தையை நான் பத்தாக்கிச் சொல்வேன். அந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டு அவள் ஒரு வாரத்தை ஓட்டுவாள்.

அன்று சாயங்காலம்

அவன் வாங்காமல் விட்ட அன்று மத்தியானம் கேரியரைப் பேன்ட்ரியில் திறந்தேன். சாயங்காலம் வரை வைத்தால் கெட்டுவிடும். கொட்ட மனம் வரவில்லை. சாப்பிட்டேன். நன்றாக இருந்தது, வழித்துத்தான் சாப்பிட்டேன். தினமும் மோர்சோறு தின்கிற நாக்கு, என்ன செய்யும்?

அவளிடம் நடந்ததை அப்படியே சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். சத்தியமாக நினைத்திருந்தேன்.

கழுவித் துடைத்து மூடப் போகும்போதுதான் ஞாபகம் வந்தது. காலையில் ஸ்டேஷனில், "இன்னிக்கு அவரோட நாளுடி, அதான் ரெண்டு துண்டு கூட வெச்சிருக்கேன்" என்று சொல்லியிருந்தாள். அவள் புருஷன் இறந்த நாள். அந்த நாளில் அந்த வீட்டுக்குள் காலிப் பாத்திரத்தோடு போக எனக்குக் கை வரவில்லை. பேன்ட்ரித் தட்டிலிருந்து இரண்டு சர்க்கரைப் பொட்டலம் எடுத்து உள்ளே போட்டேன். காபிக்குக் கிழித்துப் போட்டுக்கொள்கிற சின்னக் காகிதப் பொட்டலம். அப்போது அதற்கு மேல் எதுவும் யோசிக்கவில்லை.

ரோஸ்லின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வழக்கமாகத் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவள் அன்றைக்கு வாசலுக்கே வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. புருஷன் நினைப்பாக்கும் என்று எண்ணினேன்.

நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள். "இன்னாடி சொன்னான்?"

நாசமாய்ப் போன என் வாய் திறந்தது. "நல்லாக் கீதுன்னான்டி. உப்புதான் கொஞ்சம் கம்மியாம்."

உப்பு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்தச் சிவந்த கண்ணுக்கு முன்னால் அன்றைக்கு அதைச் சொல்ல முடியவில்லை, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், எப்படியும் அவனே சொல்லிவிடுவான் என்று நினைத்தேன்.

ரோஸ்லின் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கேரியரை வாங்கித் திறந்தாள்.

"சக்கரை வெச்சிருக்கான்" என்றாள். "எனக்கு சுகர்னு தெரிஞ்சும்."

"அவசரத்துல கைக்குக் கெடச்சதை வெச்சிருப்பான்டி."

"ஆமா. அவசரம்தான்" என்று மூடியைப் போட்டாள். "உள்ள வா, டீ குடிச்சிட்டுப் போ" என்று எப்போதும் சொல்வாள். அன்றைக்குச் சொல்லவில்லை. களைத்திருக்கிறாள் என்று நானும் நடையைக் கட்டினேன்.

அதற்குப் பிறகு வந்த திங்கட்கிழமைகள்

அடுத்த திங்கட்கிழமை கேரியர் வராது என்று எதிர்பார்த்தேன். வந்தது. ஸ்டேஷன் படிக்கட்டில் நின்று, துணியில் சுற்றி, எப்போதும் போல நீட்டினாள்.

படுபாவி இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது என்று ஜெரால்டை மாலூர் வரை மனசுக்குள் திட்டிக்கொண்டு போனேன். போன் போட்டேன். எண் உபயோகத்தில் இல்லை என்று பதில் வந்தது. புது எண்ணை ரோஸ்லினிடம் கேட்கலாமா? கேட்டால் குட்டு உடைந்துவிடும். மத்தியானம் சாப்பிட்டேன். இரண்டு பொட்டலம் போட்டேன். சாயங்காலம் "இன்னாடி சொன்னான்?" என்றாள். "உடம்பு கொஞ்சம் வெச்சிருக்கான்" என்றேன்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் முடி வெட்டியிருந்தான். ஒரு வாரம் நீலச் சட்டை போட்டிருந்தான். ஒரு வாரம் லேசாக ஜலதோஷம். நான் எழுத்துக்காரி ஆனது அந்தத் திங்கட்கிழமைகளில்தான் என்று இப்போது தோன்றுகிறது, தூ.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் இந்த அத்தியாயத்துக்கு அர்த்தமில்லை. எனக்கு அந்தச் சாப்பாடு பிடித்துப்போனது. திங்கட்கிழமைக்குக் காத்திருக்கத் தொடங்கினேன். ஒருநாள் நாக்கு கேட்டது, "அடுத்த வாரம் கத்திரிக்கா போட்டுக் கருவாட்டுக் குழம்பு வேணுமாம்டி" என்று சொல்லிவிட்டேன்.

ரோஸ்லின் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். "கத்திரிக்காயா? சின்னதுல இருந்து அவனுக்கு ஆகாதே."

"மாறிட்டான்டி."

"மாறிட்டான்" என்று அவளும் சொன்னாள். அடுத்த வாரம் கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு வந்தது. எனக்குப் பிடிக்கிற மாதிரி, புளி தூக்கலாக.

நடுவில் ஒரு கிறிஸ்துமஸுக்கு ஜெரால்ட் அரைநாள் வருவதாக ரோஸ்லின் சொன்னாள். அவன் எதிரில் உட்கார்ந்து எந்த முகத்தோடு கேக் தின்பேன்? முதல் பஸ் பிடித்துப் பூதிகோட்டைக்கு ஓடிவிட்டேன். அண்ணன் வீட்டில் கடலைக் கொடி பிடுங்கிக்கொண்டிருந்தேன். அறிவு தெரிந்த நாளிலிருந்து அவள் வீட்டில் நான் சாப்பிடாத கிறிஸ்துமஸ் அது ஒன்றுதான்.

திரும்பி வந்தபோது என் பங்கு கேக்கைக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தாள். "ஏன்டி வரல?" என்றாள். "அண்ணனுக்கு முடியல" என்றேன். "ஓ" என்றாள். மகன் என்ன பேசினான் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்பாடா, அவன் ஒன்றும் உளறவில்லை என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆனால் ஏதோ குறைந்துகொண்டே வந்தது. ரேஷன் அரிசி பற்றிப் பேசினோம், கேஸ் சிலிண்டர் பற்றிப் பேசினோம், பேத்தமங்களா ஏரி நிரம்பியது பற்றிப் பேசினோம். அவள் என் முன்னால் அழுவது மட்டும் நின்றுபோனது. மனசு தேறிவிட்டாள் என்று நான் சந்தோஷப்பட்டேன். பாருங்கள் என் புத்தியை.

சுவர்ப் பக்கம்

போன மழைக்காலத்தில் அவள் காலில் ஒரு புண் வந்தது, ஆறவில்லை. பிறகு கிட்னி. ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார்கள். கேரியர் நின்றது. கடைசியாக வந்த கேரியரை நான் திருப்பிக் கொடுக்கக்கூட இல்லை, அந்த வாரம்தான் அவள் படுக்கையில் விழுந்தாள்.

லீவு போட்டுவிட்டு ஒரு மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கஞ்சி வேண்டாம் என்றாள். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யசோ, ஒண்ணு கேக்கறேன். மெய்யா சொல்லு."

"கேளுடி."

"நான் குடுத்தனுப்பினதை அவன் சாப்ட்டானா?"

சாகப் போகிறவளுக்கு ஆறுதல் சொல்வதாக எனக்கு நினைப்பு. "சாப்ட்டான்டி. வழிச்சி வழிச்சி சாப்ட்டான்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கோ காத்திருப்பது போல இருந்தது. பிறகு "சரி" என்றாள். கையை விட்டுவிட்டு, மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவளை நிம்மதியாக வழியனுப்பினேன் என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இரண்டு நாளில் போய்விட்டாள்.

தகர டப்பா

ஜெரால்ட் வந்தான். கல்லறைத் தோட்டத்தில் மண் போடும்போது சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினான். அவன் மேல் இருந்த கோபமெல்லாம் எனக்கு அங்கேயே போய்விட்டது. அவனும் அந்தப் பெரிய ஊரில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவன்தானே.

வீட்டுக்குத் திரும்பியதும் வந்தவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரி டீ போட்டாள். சர்க்கரை இல்லை. அலமாரியைத் துழாவியவள் ஒரு தகர டப்பாவை எடுத்துத் திறந்து, "அய்ய, இன்னாது இது!" என்றாள்.

டப்பா நிறையச் சர்க்கரைப் பொட்டலம். அத்தனையும் என் பேன்ட்ரிப் பொட்டலம். ஒன்றுகூட அவள் கிழிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒவ்வொன்றாகக் கிழித்து டீயில் கொட்டத் தொடங்கினாள்.

ஜெரால்ட் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தான். "ஏது ஆண்ட்டி இதெல்லாம்? அம்மாவுக்கு சுகராச்சே."

அவனைப் பின்பக்கம் கூட்டிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். உப்பு, நீலச் சட்டை, கருவாட்டுக் குழம்பு, ஒன்றையும் மறைக்கவில்லை. "நீ அம்மாகிட்ட சொல்லவே இல்லடா. நான் சொன்னா உங்கம்மா தாங்கமாட்டான்னுதான் இப்படிப் பண்ணேன்" என்றேன். கொஞ்சம் குற்றத்தை அவன் மேலும் ஏற்றினேன் என்பது உண்மை.

அவன் கையிலிருந்த பொட்டலத்தையும் என்னையும் பார்த்தான்.

"ஆண்ட்டி, நான் அன்னிக்கு மத்தியானமே போன் பண்ணிச் சொல்லிட்டேனே."

"இன்னாடா சொல்ற?"

"கேரியரை வாங்கல, ஆண்ட்டிகிட்டயே கீது, இனிமே அனுப்பாதம்மான்னு சொன்னேன். அழுதாங்க. இன்னிக்குப் போய் சொல்றியேடான்னு அழுதாங்க. நான் சாரி சாரின்னேன். 'வுடுடா, சாயங்காலம் யசோ வருவா இல்ல, அவகிட்ட அழுதுக்கிறேன்'னு சொல்லிட்டு வெச்சிட்டாங்க."

டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். என்னால் குடிக்க முடியவில்லை.

அதற்குத்தான் வாசலில் வந்து நின்றிருக்கிறாள். அழுவதற்கு என் முகத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் உப்பு கம்மி என்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் கேட்டாள். படுக்கையில் கையைப் பிடித்துக்கொண்டும் கேட்டாள். ஒருமுறை, ஒரே ஒருமுறை, "அவன் வாங்கலடி" என்று நான் சொல்லியிருந்தால் போதும். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதிருப்போம். அவளுக்கு இருந்தது ஒரே இடம், அதை நான்தான் அடைத்தேன். பிள்ளை விட்டுப்போனதைச் சொல்லி அழ ஆளில்லாமல், தின்பது நான் என்று தெரிந்தே, விடிகாலையில் எழுந்து சமைத்துப் போட்டிருக்கிறாள். என்ன நினைத்துக்கொண்டு சமைத்தாள்? பாசமா, கோபமா, இந்த வாரமாவது இவள் வாயைத் திறப்பாளா என்ற நினைப்பா? இனி யாரைப் போய்க் கேட்பேன்?

கடைசிக் கேரியர் என் வீட்டில்தான் இருக்கிறது. ஜெரால்டிடம் நீட்டினேன். "நீங்களே வெச்சுக்குங்க ஆண்ட்டி" என்றான்.

கழுவித் துடைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். காலியாக இருக்கிறது.